தியான வகுப்பில் நான் தூங்கிப்போனது

என்னங்க, சாமி புண்ணியத்தில் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா?

இன்று தியான வகுப்பில் எட்டுப் பொடிசுகளும் ஆயாம்மாவும் நானும் இருந்தோம். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, சாமி மன்னிக்கட்டும், நானே தூங்கிவிட்டேன். விழித்தபோது யாரோ குட்டிச் சால்வையைப் போர்த்தியிருந்தார்கள்.

"உஷ்! டீச்சர் குறட்டை விட்டுத் தியானம் பண்றாங்க, எழுப்பாதே" என்று ஒரு வாண்டு இன்னொன்றை அதட்டியது. இந்த ஊருக்கு வேலைக்கு வந்தபின் எனக்கு ஒருவர் போர்த்திவிட்டது இன்றுதான்.

எட்டிப்பார்த்த தலைமை டீச்சர், "இவ்வளவு அமைதியா! லீவிலும் வகுப்பு எடுங்கம்மா" என்றார். ஒத்துக்கொண்டால் விடுமுறைக்கு வீட்டுக்கு வர முடியாது. "எங்க வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்" என்று உங்கள் பேரைச் சொல்லித் தப்பித்தேன். உடம்பு ரொம்ப அலுத்துப்போகிறது.

நான் இருக்கத்தான் வேண்டுமென்றால் மூட்டுவலித் தைலம் அனுப்புங்கள். வரச் சொன்னால் தைலம் வேண்டாம். சீக்கிரம் பதில் போடுங்கள்.