ஜோவியின் இடது கை

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து ஒரே காற்று, நடுவில் சாரல். மாடியில் காயப்போட்ட சேலை பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மாட்டிக்கொண்டது. ஏணி கேட்டு வாங்கி ஏறி எடுத்தேன்.

மறுவாழ்வு மையத்தை விட்டு வந்து இன்றோடு ஏழு மாதம். ஏழு மாதமாக ஊசி இல்லை. கடைக்குப் போகும் வழியில், உக்கடத்தில் இறங்கி, தேங்காய் பன் ஒன்று வாங்கித் தின்றேன். கொண்டாட்டம் அவ்வளவுதான்.

செய்ய வேண்டியவை:
ஜி.எச்.சில் சிறுநீர்ப் பரிசோதனை. கோர்ட் உத்தரவு நகல் மறக்கக் கூடாது.
சனிக்கிழமை கோர்ட்டில் ஜோவியைப் பார்க்க லீவு கேட்க வேண்டும்.
ஜோவிக்கு ஹேர்பேண்ட். ஊதா.

லீவு கேட்டால் முதலாளி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். பதினோரு வருடம் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது கண்ணாடிக் கடையில் பில் எழுதுகிறேன். கையெட்டும் தூரத்தில் மருந்து இல்லாத வேலை. அதற்காகவே சேர்ந்தது.

ஜூன் 12, வியாழன்

ஜி.எச். வரிசை நீளம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் மாதிரி கொடுக்க வேண்டும், ஆள் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். அந்த அட்டெண்டர் அம்மாவுக்கு என்னைவிடக் கூச்சம்.

"சங்கடப்படாதீங்க அம்மணி, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"திரும்பக் கூடாதுங்க. நீங்க பாத்தாத்தான் செல்லும்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அங்கிருந்து வக்கீல் கலைவாணி ஆபீஸ். விசாரணை 24ஆம் தேதி. ஜோவி என்னிடம் வளர்வதா, அவள் அப்பா அருளிடமா என்பதை அன்றைக்கு முடிவு செய்துவிடுவார்களாம். அருள் தன் மனுவில் எழுதியது எல்லாம் நிஜம். வார்டிலிருந்து வலி ஊசி எடுத்தேன், போட்டுக்கொண்டேன், பீரோவில் ஒளித்து வைத்தேன், அவர் கண்டுபிடித்தார். முதுகுவலிக்கு ஒன்று என்று ஆரம்பித்தது, ஒரு நாளைக்கு மூன்றாகிவிட்டது. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பதிலில் ஒரு வரி: 'குழந்தைக்கு எக்காலத்திலும் எந்தப் பாதிப்பும் ஏற்பட்டதில்லை.' அதன் கீழே என் கையெழுத்து.

"ரிசல்ட் நல்லா வந்து, இந்த வரி நின்னுருச்சுன்னா பாதிக் கெணறு தாண்டியாச்சுங்க. ஜட்ஜம்மா பாப்பாவத் தனியாக் கூப்பிட்டுப் பேசுவாங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 14, சனி

கோர்ட்டில் குழந்தைகள் அறை. 10 முதல் 12 வரை. உடைந்த பொம்மைகள், சுவரில் யானை, மூலையில் ஒரு பெண் போலீஸ். இன்னொரு மூலையில் ஓர் அப்பா மகனுக்கு சேமியா ஊட்டிக்கொண்டிருந்தார். பையன் வாயைத் திறக்கவில்லை.

அருள் சூலூரிலிருந்து பைக்கில் கூட்டி வந்தார். "பதினோரு மணிக்கு ஜூஸ் குடுத்துரு" என்றார்.

ஜோவி வளர்ந்துவிட்டாள். மூன்றாம் வகுப்பு. ஹேர்பேண்டை உடனே போட்டுக்கொண்டாள். இருவரும் படம் வரைந்தோம். வரைந்துகொண்டே, தலை நிமிராமல், மெதுவாக:

"மம்மி, ஜட்ஜ் ஆண்ட்டி எங்கிட்டப் பேசுவாங்களாமா. டாடி சொன்னாங்க."

"ஆமா கண்ணு. நெனச்சதச் சொல்லு."

"கையப் பத்திக் கேட்டா, நீங்க சோறு வடிக்கறப்ப நான் குறுக்க ஓடியாந்துட்டேன்னே சொல்றேன். மறக்க மாட்டேன். தெனமும் பாத்ரூம்ல சொல்லிப் பாத்துக்கறேன்."

கிரேயான் என் கையில் உடைந்துவிட்டது. இடது முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு. ஃப்ராக் கையை இழுத்து இழுத்து மறைக்கிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டாம் பூசைக்குப் போனேன். பிரசங்கம் எதுவும் காதில் ஏறவில்லை.

எழுதிவிடுகிறேன். இதுவரை எங்கும் எழுதவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு மத்தியானம். அருள் ஃபேக்டரியில். நான் ஊசி போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். பசிக்கிறது என்று ஜோவி எழுப்பியிருக்கிறாள். எழுப்பி எழுப்பிப் பார்த்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, நூடுல்ஸுக்கு அவளே தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறாள். ஆறு வயது. பாத்திரம் சரிந்து கையில். அவள் அலறியும் நான் எழவில்லை. மேல் வீட்டு அக்கா ஓடி வந்து என் முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினாள். நைட் டியூட்டி அசதி என்றேன். நம்பினாள், பாவம். அருளிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன், சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் வைத்து அருளிடம், "சோறு வடிக்கறப்பக் குறுக்க ஓடியாந்துட்டா" என்றேன். ஜோவி கட்டுப் போட்ட கையோடு பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளும் அப்படியே சொன்னாள். நான் சொல்லித் தரவில்லை. கேட்டுப் படித்துக்கொண்டாள்.

நான் ஊசியை விட்டுவிட்டேன். அவள் இன்னும் எனக்குக் காவல் நிற்கிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

ரிசல்ட் வந்தது. ஒன்றும் இல்லை, சுத்தம். கையில் வைத்துக்கொண்டு கலைவாணியிடம் கையின் கதையைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். "இத எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கோணுமுங்க." பிறகு, "இப்பச் சொன்னா பாப்பா உங்ககிட்ட வராது. அது தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"அவங்க தரப்புக்கே தெரியாத விசயம். யாரும் கேக்கப் போறதில்ல."

"ஜோவியக் கேப்பாங்கல்லங்க. எனக்காகப் பொய் சொல்லிப்போடுவா. நல்லாவே சொல்லுவா."

கலைவாணி டீ வரவழைத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது உடம்பெல்லாம் அந்தப் பழைய நமைச்சல். ஒரே ஒரு ஊசி என்றது மனசு. மறுவாழ்வு மையத்து ஆலோசகருக்கு போன் போட்டு, சிங்காநல்லூர் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இறங்கும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

ஜூன் 24, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

ஜோவியைக் கூப்பிடுவதற்கு முன்னால் நான் பேச வேண்டும் என்று கேட்டு நின்றேன். அந்த வரி பொய் என்றேன். முழுவதும் சொன்னேன்.

ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இத உங்கள யாரும் கேக்கலையேம்மா?"

"பாப்பாவக் கேப்பீங்கம்மா. அவ எனக்காகப் பொய் சொல்லக் கூடாதுங்க."

அருள் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. திரும்பினேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோவி உள்ளே இருபது நிமிடம். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. வெளியே வந்து, "சாக்லேட் குடுத்தாங்க" என்றாள்.

மத்தியானம் உத்தரவு. ஜோவி அப்பாவிடமே. நான் ஞாயிறுதோறும் 10 முதல் 5 வரை அவர்கள் வீட்டில் பார்க்கலாம், அருளின் அக்கா உடன் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனை. ஒரு வருடம் கழித்து மறுபடி மனுப் போடலாம்.

வராந்தாவில் அருள்: "அந்தக் கைக்கு ஒரு மாசம் நாந்தான் மருந்து போட்டேன், ஜெசி. அப்பக்கூட நீ சொல்லல. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே பாப்பாவக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"தெரியுமுங்க. அதுக்குத்தான் சொல்லல."

அடிக்க வருவது போலக் கிட்டே வந்தார். பிறகு ஜோவியின் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கலைவாணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஊசியும் இல்லை.

*(மேல் வரி 26ஆம் தேதி சேர்த்தது.)*

ஜூன் 29, ஞாயிறு

சூலூர். முதல் ஞாயிறு. எதிர் வீட்டில் தறிச் சத்தம், ஞாயிற்றுக்கிழமைகூட. அருள் வெளியே போய்விட்டார். அருளின் அக்கா ஸ்டெல்லா அண்ணி ஹாலில் டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காதது போல உட்கார்ந்திருந்தார். "காப்பி குடிப்பியா?" என்றார். குடித்தேன்.

ஜோவி பேசவில்லை. படம் வரையலாமா? வேண்டாம். கதை? வேண்டாம். கூந்தலைப் பின்னப் போனேன், தலையை இழுத்துக்கொண்டாள். மத்தியானம் கறிக்குழம்பு. என் தட்டுக்கு எதிரில் உட்காராமல் அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மூன்று மணி இருக்கும். வாசலில் வெள்ளரிக்காய்க்காரர். வாங்கித் திரும்புகிறேன், பின்னால் நிற்கிறாள். முகம் சிவந்து.

"டாடி சொல்லிட்டாங்க. நீங்களே எல்லாத்தையும் சொல்லிட்டீங்களாமா. இனி நான் ஒண்ணும் மறைக்க வேண்டியதில்லையாமா."

"ஆமா கண்ணு."

"அப்ப ஏன் எந்திரிக்கல? எத்தன தடவ எழுப்புனேன்! மூஞ்சியெல்லாம் தட்டுனேன். செத்துப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்!"

கத்தினாள். தெருவே பார்த்தது. அண்ணி எழுந்து வாசல்வரை வந்து, அப்படியே நின்றுவிட்டார்.

"என் தப்பு கண்ணு. உன் தப்பு ஒரு துளிகூட இல்ல."

அடித்தாள். வயிற்றில், கையில், நல்ல வலி. அவள் கையைப் பிடிக்கவில்லை, தடுக்கவில்லை. வெள்ளரிக்காய் எல்லாம் கீழே. அடித்து ஓய்ந்து, என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு வருட அழுகை. ஐந்து மணி தாண்டியும் அண்ணி கடிகாரத்தைப் பார்க்கவில்லை.