சத்தமுள்ள ஊரில் ஒரு மாடி அறை

என் அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? என்ஜின் அறைச் சூட்டில் வெந்துவிட்டு அப்படியே மேல்தளத்துக் காற்றில் போய் நிற்காதீர்கள் என்றால் நீங்கள் கேட்கவா போகிறீர்கள்? தைலம் தீர்ந்திருக்கும். இந்தக் கடிதத்தோடு கப்பல் கம்பெனி ஆளிடம் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். கப்பலில் போன் பாதியில் அறுந்துவிடும். அறுந்துபோகாத நாளில் நீங்களே அறுத்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

போன தடவை பேசியபோது, "அவ மறுபடி தனியா போனாள்னா அடுத்த துறைமுகத்துலயே வேலையை விட்டுட்டு இறங்கி வந்துடுவேன்" என்றீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் பெண் போய்விட்டாள். ஆனால் இறங்கி வந்துவிடாதீர்கள். இதை முழுக்கப் படித்துவிட்டு, அப்புறமும் கோபம் மிச்சம் இருந்தால் என் மேல் காட்டுங்கள்.

உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. போன வருஷம் நகரத்து நடுவில் அந்த அடுக்குமாடிக் கட்டிடத்தில் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாளே, பூட்டை உடைத்து உள்ளே போனவள் நான். ஆம்புலன்ஸ் வந்தபோது எதிர் வீட்டுக்காரர் வெளியே எட்டிப் பார்த்து, "ரெண்டு நாளா ஏதோ முனகல் கேட்டுது, டிவின்னு நெனைச்சேன்" என்றார். நல்ல மனிதர்தான். அவருக்கு அவள் முகமே தெரியாது, அவ்வளவுதான். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. கப்பலில் தனியாகக் கிடந்து அதைக் கேட்ட உங்களுக்கு இன்னும் கொடுமையாக இருந்திருக்கும்.

வீட்டுக்குக் கூட்டி வந்தோம், உடம்பு தேறியது. அத்தோடு சரியாகிவிட்டது என்று உங்களிடம் எல்லோரும் சொன்னோம். உடம்புதான் தேறியது. வாயாடி, வாயாடி என்று நீங்கள் திட்டிய பிள்ளை 'ம்', 'சரி', 'வேணாம்' என்று மூன்று சொல்லை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் குடித்தனம் நடத்தினாள். வேலைக்குப் போவாள், வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். என் வீட்டுக்குள்ளேயே அவள் இன்னொரு அடுக்குமாடியில் இருந்தாள்.

அப்போதுதான் புது வேலை வந்தது. அவள் செய்துவந்த அதே வேலைதான், பல் செட்டும் பல்லுக்குப் போடும் தொப்பியும் செய்கிற பெரிய லேப், நகரத்தைத் தாண்டிப் புறநகர்ப் பக்கம். இங்கிருந்து தினமும் போய் வர முடியாது. எனக்கும் அனுப்ப மனசே இல்லை. ஆனால் எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவளாக வந்து, "அம்மா, வீடு பாக்க நீயும் வர்றியா?" என்று கேட்டாள். முடியாது என்று எப்படிச் சொல்வேன்?

முதலில் லேபுக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பைப் பார்த்தோம். வாசலில் காவலாளி, ஒரே மாதிரி மரங்கள், துடைத்துவைத்த மாதிரி தெரு. எனக்கு ரொம்பப் பிடித்தது. அவள் நடுத்தெருவில் நின்று கேட்டாள்: "இங்க யாராவது தும்மினா யாருக்காவது கேக்குமாம்மா?" மறுபடி ரயில் ஏறினோம்.

அடுத்த நிறுத்தத்து ஊரில் இறங்கியதுமே எனக்குத் தலை வலித்தது. ஸ்டேஷனை ஒட்டிச் சந்தை. இந்தப் பக்கம் இசைப் பள்ளியில் யாரோ வயலினைக் கொலை செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் காபிக் கடை, நாற்காலியெல்லாம் நடைபாதையில். ரோட்டைக் கடக்க நின்றால் முன்பின் தெரியாத ஒருத்தி, "இந்த சிக்னல் மாறாதுங்க, சும்மா நடங்க" என்கிறாள். நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். நம் பெண் சிரித்தாள். நிஜமாகவே, பல் தெரியச் சிரித்தாள். இந்த ஊர்தான் என்று அவள் முடிவு செய்தது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் பிடித்த அறை லாண்டரிக் கடைக்கு மேலே. தரையே அதிர்கிறது. இதில் எப்படித் தூங்குவாய் என்றேன். "நாள் பூரா பல்லைத் தேய்க்கிற மெஷின் சத்தத்துல உக்காந்திருக்கேன், இது தாலாட்டும்மா" என்றாள். வீட்டுக்கார அம்மாள் முன்பு விளையாட்டு டீச்சராக இருந்தவர். இப்போதும் பக்கத்து மைதானத்தில் பெண்களுக்கு வாலிபால் சொல்லித்தருகிறார். கழுத்தில் விசில் தொங்கும், அதனால் தெருவுக்கே அவர் விசிலம்மா. வேலை என்ன, சம்பளம் என்ன என்று எதுவும் கேட்கவில்லை. இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உயரமா இருக்கே, ஆட வருவியா?" என்றார், அவ்வளவுதான்.

ஊர் வம்பு அதிகமாக இருக்கும் போலிருக்கிறதே என்று நான் முணுமுணுத்தேன். "வம்பு பேசறவங்கதான்மா கதவையும் தட்டுவாங்க" என்றாள்.

கூடத் தங்கி அறையை ஒழுங்கு பண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். தினமும் போன் பண்ணினாள். ஒரு சனிக்கிழமை மதியம் பண்ணவில்லை. நான் பண்ணினால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. கட்டிய சேலையோடு ரயில் ஏறினேன். வழியெல்லாம் கண் முன்னே அந்த உடைந்த கதவுதான். உங்கள் பேச்சைக் கேட்டிருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

அறை பூட்டியிருந்தது. கதவை ஓங்கித் தட்டினேன். இரண்டாவது தட்டுக்கே லாண்டரிக்காரர் படியேறி வந்துவிட்டார். "பல்லுப் பொண்ணோட அம்மாவா? போனை லேபுலயே மறந்துட்டு வந்துடுச்சு. சைக்கிள் கடைப் பக்கம் போச்சு" என்றார். அங்கே போனேன். சைக்கிள் கடைக்காரி கையைத் துடைத்தபடி, "இங்கதான் காத்து அடிச்சா. ஆரஞ்சு வாங்கணும்னு சொன்னா" என்றாள். பழக்கடைக்காரர் நான் கேட்பதற்கு முன்பே மைதானத்தின் பக்கம் கை காட்டினார். தெருவே என்னைக் கை மாற்றிக் கை மாற்றி அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மைதானத்தில் அவள் முழங்கால் சிராய்ந்து, முகமெல்லாம் புழுதியாக நின்று, விசிலம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "அது கோட்டுக்கு உள்ளதான் விழுந்துச்சு! நான் பாத்தேன்!" அந்தப் பழைய குரல். நம் வீட்டு வாயாடியின் குரல். நான் படிக்கட்டில் உட்கார்ந்து, பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த ஒருத்தி ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அவள் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "ஏம்மா, என்னாச்சு?" என்றாள். ஜன்னல் திரைக்குத் துணி எடுக்க வந்தேன் என்று சொன்னேன். என் கால்களைப் பார்த்தாள். ஒன்றில் என் செருப்பு, இன்னொன்றில் உங்கள் செருப்பு. வியர்வையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். "இங்க நான் விழுந்தா சத்தம் கேக்கும்மா" என்றாள் காதோடு. அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் என் செருப்பைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் ஆட்டமே நின்றுபோயிற்று.

அன்றைக்குத் திரும்பும் வழியில் ரயிலில் நன்றாகத் தூங்கிவிட்டேன். எத்தனை காலத்துக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டேன்.

உங்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்தம் முடிகிற வரை வேலையைப் பாருங்கள். முடிந்து வந்ததும் இரண்டு பேருமாகப் போய் அவளைப் பார்ப்போம். வீட்டுக்கு வந்துவிடு என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொன்னால் வந்துவிடுவாள், அதுதான் எனக்குப் பயம். அவள் கதவைத் திறக்கும்போது அந்த முகத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகும் சொல்ல உங்களுக்கு ஏதாவது இருந்தால், திரும்பி வரும் ரயிலில் என்னிடம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் பாதியாகிய
நான்