இடது காலுக்கு ஒரு மிதி

அன்புள்ள அடேல்,

நானும் உன் அப்பாவும் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, காபிகூடப் போடாமல், இரவு உடைக்கு மேல் அப்பாவின் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய், ஒரு பழைய இரும்பு மிதியின் மேல் ஏறி நின்றேன். சிரிக்காதே. ஏன் நின்றேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வழியில்லை, உன் குரல் கேட்டதும் அவர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இங்கே மார்ச் மாதச் சேறு முழங்கால்வரை. மேப்பிள் பாகு காய்ச்சும் வேலை தொடங்கிவிட்டதால் பக்கத்துப் பண்ணை மெர்ல் எப்போது வந்தாலும் வீடே இனிப்பு மணக்கிறது, உனக்கு ஒரு டின் தனியாக எடுத்து வைத்திருக்கிறாராம். அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். பக்கவாதம் வந்த நவம்பரை நினைத்தால் இன்று எவ்வளவோ மேல். பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது, கேலியும் கூடவே திரும்பிவிட்டது, வலது கால் பாதி வந்திருக்கிறது, வலது கைதான் வரவில்லை. போன மாதம் மெர்ல் வாசல் கதவின் கீல் ஒன்றைக் கொண்டுவந்து அரம் போட்டுத் தரச் சொன்னார், இவரைத் திரும்ப வேலையில் இழுக்க வேண்டுமென்றேதான் கொண்டுவந்தார். கீலை ஒரு கை பிடித்துக்கொள்ள, இன்னொரு கை, பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் திருகைச் சுற்ற வேண்டும், இவருக்கு இருப்பதோ ஒரு கை. கீல் தரையில் விழுந்துகொண்டே இருந்தது, நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன், ஓடிப்போய்ப் பிடித்துக்கொடுக்கலாமா என்று துடித்தேன், போகவில்லை. உள்ளே வந்து டிவியில் என்ன ஓடுகிறது என்று கேட்டார். மறுநாள் காலை, கொட்டகையில் தேடிச் சேர்த்து வைத்திருக்கும் பழைய வைஸ் அத்தனையையும் பழங்கருவிச் சங்கத்தின் வசந்த ஏலத்துக்கு அனுப்பிவிடப் போவதாகச் சொன்னார், ஏதோ பழைய செய்தித்தாளை எடுத்துப் போடச் சொல்வதுபோல.

அன்றிலிருந்து நான்தான் அவருக்குக் கை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் டார்ச்சோடு ஒவ்வொன்றின் அடியிலும் நுழைந்து பார்த்து விவரம் எழுதுகிறேன். இத்தனை வருஷம் இவருடன் வாழ்ந்தும் தெரியாததையெல்லாம் இப்போது தெரிந்துகொள்கிறேன். மூலையில் கனத்த மரக்கட்டையோடு நிற்குமே, குதிரைக்கு லாடம் அடிப்பவர்களின் கால் வைஸ், அதைப் பார்க்க ஒரு மாலை முழுவதும் ஆனது. காலால் மிதித்தால் தாடை மூடிக்கொள்ளும், மிதி கீழே ஒரு பல்லில் மாட்டி அப்படியே நிற்கும், பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் ஸ்பிரிங் விட்டுவிடும். பனிக்காலத்து லாடத்துக்குக் கூர் வைக்கும்போது அவர்களுக்கு இரண்டு கையும் வேண்டுமே, அதற்காகச் செய்தது. “குனிஞ்சு பாரு, நட்டு சதுரமா, ஆறு பட்டையா? ஆறு பட்டைன்னா எவனோ பின்னாடி மாத்தியிருக்கான்” என்றார். சதுரம்தான் என்றேன். “தாடை ரெண்டுலயும் வார்ப்பு நம்பர் ஒண்ணா?” ஒன்றுதான், நடுவில் ஒரு சிலந்தி இருக்கிறது என்றேன். “அதையும் எழுதிக்கோ, அதுவும் அசல்தான்” என்றார். எங்காவது பித்தளை வைத்துப் பற்றவைத்த கோடு தெரிகிறதா, இடுக்குகளில் பழைய பச்சைப் பெயின்ட் மிச்சம் இருக்கிறதா, மிதி தேய்ந்திருக்கும் அளவுக்கு உள்ளே இருக்கும் மூட்டும் தேய்ந்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்கச் சொன்னார். மிதி தேய்ந்து மூட்டு புதிதாக இருந்தால் அது இரண்டு வைஸைச் சேர்த்துச் செய்த ஒட்டுவேலையாம். இதில் எல்லாம் சரியாக இருந்தது. அப்போது வந்திருந்த மெர்ல் மண்டியிட்டு நகத்தால் அழுக்கைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, “பல்லு ஒண்ணுகூடத் தேயல ட்வைட், இத விக்கிறியா, மூளை கலங்கிப்போச்சா?” என்று கேட்டார். “வச்சுக்கிட்டு என்ன பண்ண, கோட்டு மாட்டவா?” என்றார் அப்பா.

நீங்களே இதில் வேலை செய்யலாமே என்று நான் மெதுவாகக் கேட்டேன். “மிதி வலது பக்கம் இருக்கு, வேலை செய்யற காலு இடது பக்கம் இருக்கு. ரெண்டுக்கும் ஒத்துப்போகல” என்றார். அப்படியானால் மிதியின் தண்டில் துளை போட்டு ஒரு பட்டையை இடது பக்கம் நீட்டினால் என்ன என்று கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சர்ச் மணியை உருக்கச் சொன்னதுபோல. “ஏம்மா கொரின், ஓட்டை போடாத வரைக்கும்தான் அதுக்கு மரியாதை, போட்டா வெறும் பழைய இரும்பு” என்றார் மெர்ல். அப்பா சிரிக்கவே இல்லை. “என் கொட்டகையில அதுல எவனும் துளை போட முடியாது” என்றார். பழைய பட்டடைக்கல்லில் துளை போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்த ஒருவரை ஊரறியக் கசாப்புக்காரன் என்று திட்டியவர் ஆயிற்றே.

நேற்று மாலை அப்பா தனியாகக் கொட்டகைக்குப் போய் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார், கேட்டதற்குக் காற்று வாங்கினேன் என்றார். இன்று காலை போய்ப் பார்த்தால் அந்த மிதியின் மேல் காய்ந்த சேறு, கோணலாகப் பதிந்த இடது பூட்ஸ் தடம். தாடைகளுக்கு நடுவே மெர்ல் கொண்டுவந்த கீல் இருந்தது அடேல். அதன் ஓரத்தில் அரம் பட்டுப் பளபளக்கும் கோடுகள் கொஞ்சம், அதற்குமேல் இல்லை. நான் கீலை எடுத்துவிட்டு இடது காலைக் குறுக்கே நீட்டி மிதித்துப் பார்த்தேன், முழு எடையையும் ஏற்றினால்தான் பல் மாட்டியது, இடுப்பு முறுக்கிக்கொண்டு தூணில் போய் மோதினேன், எனக்கோ இரண்டு காலும் நன்றாக இருக்கிறது. விழாமல் அதை எப்படி மாட்டினாரோ தெரியவில்லை. கீலைத் திரும்ப அதே இடத்தில் அதே கோணத்தில் மாட்டி வைத்துவிட்டு வந்து காபி போட்டேன். குடிக்கும்போது, இவருக்கு இந்த வேலையில் ஆசை விட்டுப்போகவில்லை என்ற சந்தோஷமும், அதை என்னிடம்கூடச் சொல்ல முடியவில்லையே என்ற வருத்தமும் மாறி மாறி வந்தன.

சரி, உன் கதைக்கு வருகிறேன். ஆக்லாந்தில் குளிர் தொடங்கும் முன் நல்ல கோட்டு ஒன்று வாங்கிக்கொள், வாடகை அறையின் ஹீட்டரை நம்பாதே. பல் வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. உன்னோடு வேலை செய்யும் அந்தப் பையனைப் பற்றி நீயாகச் சொல்லும்வரை நான் கேட்பதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறக்காதே, அப்பா காலையிலிருந்தே போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், என் கண்ணே.

இன்னும் ஒன்று, இது யாருக்கும் தெரியாது, மெர்லுக்கும்கூட. வியாழக்கிழமை மெர்ல்தான் அப்பாவை உடற்பயிற்சிக்காக நகரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார், சனிக்கிழமை ஏலத்துக்கு வண்டி வருகிறது. தாடைகள்தான் வார்ப்பிரும்பு, மிதியின் தண்டு அடித்து வளைத்த இரும்பு, துளையிட்டால் விரிசல் விடாது, விசாரித்துவிட்டேன். வியாழக்கிழமை அவர்கள் வண்டி திருப்பத்தைத் தாண்டியதும் துளை போடப் போகிறேன். அப்பா கத்துவார், என்னையும் கசாப்புக்காரி என்பார், சொல்லட்டும். துளை விழுந்துவிட்டால் சங்கத்தில் ஒருவர்கூட அதைத் தொடமாட்டார். அது இங்கேயே இருந்துதான் ஆக வேண்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
கொரின்