சரசு அக்காவின் துளசி

மார்சிலிங்,
சிங்கப்பூர்,
10 ஜூலை 2025

அன்புள்ள சரசு அக்காவுக்கு,

பக்கத்து வீட்டு சம்சுன்னிசா எழுதுவது. பெர்த்தில் குளிர் அதிகம் என்றீர்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். வைஷாலிக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

அங்கேயும் இங்கேயும் மணி ஒன்றுதான், போன் போட்டால் உடனே எடுத்துவிடுவீர்கள். அந்தப் பயத்தில்தான் பேனாவை எடுத்தேன்.

மகள் பிரசவம் முடிந்து நீங்கள் வரும்வரை உங்கள் செடிகள் என் பொறுப்பு. நுனி கிள்ளக் கிள்ளப் புதினா தொட்டி கொள்ளாமல் வளர்கிறது. கறிவேப்பிலைக்கு அரிசி கழுவிய தண்ணீர்தான் ஊற்றுகிறேன். வாசனைக்கு உங்கள் பண்டான் இலை போட்டுப் போன வாரம் நெய்ச்சோறு ஆக்கினேன். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுகளில் தண்ணீர் தேங்க விடுவதில்லை. கொசு இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கூட "ஓகே ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனிமேல்தான் சொல்ல வேண்டியது. என் மருமகள் ருக்ஸானாவுக்குத் தாய்லாந்துச் சமையல் என்றால் உயிர். "அக்கா செடில எது வேணும்னாலும் பறிச்சுக்கோ, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று நான்தான் அவளிடம் சொன்னேன். வாசலோரம் தனியாக இருக்கும் துளசியைத் தொடாதே என்று சொல்ல மறந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கோழியைக் கொத்தி, மிளகாயும் இலையும் போட்டு வதக்கியிருந்தாள். நான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அப்புறம்தான் என்ன இலை என்று கேட்டேன்.

"பேசில் மாமி, தாய்லாந்துச் சமையல்ல போடுற இலை. வாசல் பக்கத்துல நிறைய இருந்துச்சு லா."

ஓடிப்போய்ப் பார்த்தால் தண்டு மட்டும் நிற்கிறது. தொட்டியில் நீங்கள் வைத்த குங்குமம் மழையில் கரைந்துவிட்டது, அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? குளிக்காமல் அதற்குத் தண்ணீர்கூட ஊற்ற மாட்டீர்கள். அதைக் கோழியோடு வதக்கித் தின்றுவிட்டோம்.

பதினெட்டு வருஷப் பழக்கம் இதில் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள் அக்கா, பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்
சம்சு


மார்சிலிங்,
28 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

13ஆம் தேதி நீங்கள் கூப்பிட்டபோது கடிதம் வந்திருக்காது என்று நான் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு போய்விட்டது, உங்களிடமிருந்து போன் இல்லை. நானே நாலு தடவை போட்டுப் பார்த்தேன். புரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை சிராங்கூன் ரோட்டில் பூக்கடை பூக்கடையாக ஏறி ஒரு துளசிக் கன்று வாங்கினேன். கடைக்காரர் என் முக்காட்டைப் பார்த்துவிட்டு, "கஷாயத்துக்காம்மா?" என்றார். "இல்ல, சாமிக்கு" என்றேன். அவர் வேறொன்றும் கேட்காமல் இன்னொரு கன்றையும் சேர்த்துப் பையில் போட்டார்.

பை அப்படியே இருக்கிறது. இனி அந்தத் தொட்டியில் நான் கை வைப்பது முறையில்லை. மேல் மாடி ரத்னவேல் வீட்டில் யாரையாவது நடச் சொல்லட்டுமா? ருக்ஸானா தினமும் "அக்கா போன் பண்ணாங்களா மாமி?" என்று கேட்டு அழுகிறாள். நானும்தான்.

சம்சு


பெர்த்,
8 ஆகஸ்ட் 2025

என் அருமை சம்சு,

நான் பாட்டியாகிவிட்டேன். உன் முதல் கடிதம் வந்த மறுநாளே வைஷாலிக்கு வலி எடுத்துவிட்டது. ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த பெண், கையளவுதான் இருந்தாள். பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். யாரிடமும் பேசத் தைரியமில்லாமல் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். முந்தாநாள்தான் வீட்டுக்குத் தூக்கிவந்தோம். நன்றாகப் பால் குடிக்கிறாள். எனக்கும் இப்போதுதான் மூச்சு வருகிறது. வந்து பார்த்தால் உன் இரண்டாவது கடிதம் கிடக்கிறது.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். கேட்க வேண்டியவள் நான். அது துளசியே இல்லை.

ஜூன் மாதமே எனக்குத் தெரியும். வைஷாலியின் சமையலறை ஜன்னலில் ஒரு தொட்டி இருந்தது. அதே ஊதாத் தண்டு, அதே சோம்பு வாசம். துளசி எப்போது வைத்தாய் என்று கேட்டேன். அது பேசில் என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ருக்ஸானா சொன்னதுதான் சரி. நர்சரியில் நான்தான் பார்க்காமல் தூக்கிவந்திருக்கிறேன். சோம்பு வாசம் வரும்போதெல்லாம் இது ஏதோ உயர்ந்த ஜாதி என்று நினைத்து, இரண்டு வருஷம் ஒரு தாய்லாந்து மசாலாச் செடியைச் சுற்றி வந்திருக்கிறேன். நீ கேலி செய்வாய் என்ற வெட்கத்தில் சொல்லாமல் மறைத்தேன். சொல்லியிருந்தால் நீங்கள் இரண்டு பேரும் இத்தனை நாள் அழுதிருக்க வேண்டாம். இப்போதுகூட உன் சிரிப்பைக் கேட்கத் தைரியமில்லாமல்தான் எழுதுகிறேன். ஆனால் தபாலுக்குக் காத்திருக்க மனம் வரவில்லை, முடித்ததும் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன்.

நிஜத் துளசியாக இருந்திருந்தால்? கோபம் வந்திருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். அப்புறம் உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அந்தத் தண்டைப் பிடுங்கி எறியாதே, வேறு தொட்டிக்கு மாற்று. வெட்டினால் நன்றாகத் துளிர்க்கும். அது இனி ருக்ஸானாவின் செடி. நான் வந்ததும் அந்தக் கோழியை எனக்கும் ஒருநாள் செய்து தரச் சொல், வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.

துளசி நடுவதற்கு ரத்னவேல் வீட்டையெல்லாம் கூப்பிடாதே. நீயே நடு. நான் வந்து விளக்கேற்றுகிறேன். யார் நட்டது என்று எவராவது கேட்டால், என் தங்கை என்று சொல்வேன்.

உன் அக்கா,
சரசு