இவரும் கரண்ட் வண்டியும்

12 செப்டம்பர் 2025, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த என் வீட்டுக்காரர், சோற்றில் கை வைப்பதற்கு முன்பே போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். ஒரு கார். கரண்ட்டில் ஓடுமாம். கிராஸ்ஓவர் என்று பெயராம். காரா என்றால் முழுசாகக் காரும் இல்லை, ஜீப்பா என்றால் ஜீப்பும் இல்லை. எதிலும் சேராத ஒரு பிறவி.

"இப்ப இருக்குற வண்டிக்கு என்ன கேடு வந்துச்சு?" என்றேன்.

"அது குழிக்குள்ள உக்கார்ற மாதிரி இருக்கு நசீரா."

அந்தக் குழிக்குள் உட்கார்ந்துதான் இத்தனை வருஷமாக வையம்பட்டியில் இருக்கும் இவர் அக்கா வீட்டுக்குப் போய் வந்தோம். அப்போது சோபா மாதிரி இருக்கிறது என்று சொன்ன வாயும் இதே வாய்தான்.

மலைக்கோட்டைக்குக் கீழே நம் ஜவுளிக்கடை. தீபாவளிச் சரக்கு வந்து இறங்குகிற நேரம். கடைக்காரர் பரக்கத் அலியோ, அதாவது இவர், போனில் கார் பார்த்துக்கொண்டிருக்கிறார். அறுபது வயதில் ஆசை வந்தால் இப்படித்தான் போலிருக்கிறது.

14 செப்டம்பர், ஞாயிறு

துபாயிலிருந்து மகன் கலீம் பேசினான். நல்லது கெட்டதை எழுதிப் பார்த்தால் தெளிவு பிறக்குமாம். ஆபீஸில் அப்படித்தான் செய்வார்களாம். சரி, எழுதுகிறேன்.

நல்லது: புகை கிடையாது. சத்தம் கிடையாது. பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்க வேண்டாம். கடைக்கு வரும் ஆட்களிடம் பெருமை பேசலாம். (இதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன்.)

கெட்டது: நம் சந்துக்குள் ஒரு ஆட்டோ வந்தால் எதிரே வருகிறவர் யார் வீட்டு வாசலிலாவது ஏறி நிற்க வேண்டும். இந்த அகலத்துக்கு இது வரவே வராது. இப்போதுள்ள வண்டியையே சந்து முனையில் வாடகைக் கொட்டகையில் விட்டிருக்கிறோம். அங்கே ஒரு குண்டு பல்புக்குக்கூட கரண்ட் இல்லை. கரண்ட் வண்டிக்குக் கரண்ட் எங்கே? அதை மட்டும் இவர் இன்னும் யோசிக்கவில்லை.

18 செப்டம்பர், வியாழன்

யோசித்துவிட்டார். ஐயோ.

எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து, நம் மொட்டைமாடியிலிருந்து பக்கத்து வீட்டு மஜீதா மாடி வழியாகக் கொட்டகை வரைக்கும் வயர் இழுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். மஜீதா துணி காயப்போடுகிற கொடிக்கு மேலே! அவள் என்னைக் கூப்பிட்டு, "ஏன் நசீராக்கா, அண்ணனுக்கு எங்க மேல எதும் கோவமா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, மானமும் போனது.

21 செப்டம்பர், ஞாயிறு

ஷோரூம் போனோம். விற்கிற பெண்ணின் பெயர் சம்ரீன். நல்ல பிள்ளை. மூச்சு விடாமல் பேட்டரி, வாரண்டி என்று சொன்னாள். இவர் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்தார். இறங்கினார். மறுபடி உட்கார்ந்தார், மறுபடி இறங்கினார். ஊஞ்சலைப் பார்த்த பிள்ளைகூட இவ்வளவு சலிக்காமல் ஏறி இறங்காது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதே கம்பெனியில் கொஞ்சம் சின்னதாக, விலையும் குறைவாக இன்னொரு கரண்ட் கார் நின்றது. அதுவும் அதே கரண்ட்டில்தானே ஓடப்போகிறது. காட்டினேன்.

"அது வேணாம். தாழ்வா இருக்கு."

துரைக்கு உயரத்தில்தான் உட்கார வேண்டுமாம். அரண்மனையிலிருந்து வந்தவர் பாருங்கள்.

27 செப்டம்பர், சனி

ஸ்ரீரங்கத்தில் ஸ்ரீதர் சார் இதே வண்டி வைத்திருக்கிறாராம். அவர்கள் வீட்டுக் கல்யாணப் புடவை எல்லாம் நம் கடையில்தான். உத்திர வீதியில் அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

"பேஷா இருக்கு பாய். ஒரு தடவை சார்ஜ் போட்டா மெட்ராஸ் போயிடலாம்" என்றார் ஸ்ரீதர் சார்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி மைதிலி மாமி அப்படியே நின்றார். "எங்க போயிடலாம்? விழுப்புரம் தாண்டறதுக்குள்ள ஏசியை அணைச்சுட்டார். வேர்த்து ஊத்தித்து. ரோட்டைப் பாக்காம பேட்டரி பர்சென்டையே பாத்துண்டு ஓட்டறார். தைத்தேர் வந்தா வீதியில கரண்ட்டை நிறுத்திடுவா. முதல் நாளே சார்ஜ் போட்டு, வண்டியைக் கொண்டுபோய் எங்கேயோ நிறுத்திட்டு, ஆட்டோல வரோம். இந்தக் கூத்து உங்களுக்கு வேணுமா, நீங்களே சொல்லுங்கோ."

மைதிலி மாமியைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இவர் அதற்குள் வாசலுக்குப் போய் ஸ்ரீதர் சார் வண்டியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

காவிரிப் பாலத்தில் திரும்பி வரும்போது, "கேட்டீங்கல்ல?" என்றேன். "சீட்டு நல்லா இருக்கு" என்றார். இந்த மனிதரிடம் பேசுவதும் ஒன்று, பாலத்துத் தூணிடம் பேசுவதும் ஒன்று.

2 அக்டோபர், வியாழன்

கார் பைத்தியம் போதாதென்று இப்போது இரண்டு புதுப் பழக்கம். எப்போதும் இராத்திரி இஷா தொழுகையை வீட்டில்தான் தொழுவார். இப்போது ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குத்தான். நல்ல காரியம், குறை சொல்லக் கூடாது. ஆனால் மக்கா போய்வந்த வருஷம்கூட இந்தப் பிடிப்பு வரவில்லையே என்று மனது கேட்கிறது.

அடுத்தது, மாடியில் ஏசி ரூமை விட்டுவிட்டுக் கீழே ஹாலில் படுக்கிறார். மாடியில் புழுக்கமாம். ஏசியில் புழுக்கம் கண்ட ஒரே மனிதர்.

5 அக்டோபர், ஞாயிறு

பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது. கே.கே. நகரில் ஃப்ளாட் பார்த்து வைத்திருக்கிறார். "கீழயே சார்ஜ் போடலாம். லிஃப்ட் இருக்கு. எத்தனை நாளைக்குத்தான் இந்தச் சந்துல கிடக்குறது?"

இது காருக்கு வீடு பார்க்கிற கதை. இந்த வீடு என் அத்தா எனக்கு எழுதிவைத்தது. மாடியில் ஆரி எம்பிராய்டரி வகுப்பு நடத்துகிறேன். துணி கட்டிய கட்டையைச் சுற்றி உட்கார்ந்து பத்துப் பெண்கள் கற்றுக்கொள்கிறார்கள், சம்பாதிக்கிறார்கள். கே.கே. நகர் அடுக்குமாடியில் என்னை வகுப்பு நடத்த விடுவார்களா? அசோசியேஷன் என்று நாலு பேர் வந்து பெல் அடிப்பார்கள். ஒரு இரும்புப் பெட்டிக்கு வயர் மாட்ட வேண்டும் என்பதற்காக என்னை வேரோடு பிடுங்கி நடப்போகிறாரா? நான் என்ன ரோஜாத் தொட்டியா?

ஒன்றை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். உறையூரில் நமக்கு குடோன் இருக்கிறது. லாரி நிற்கிற இடம், கரண்ட் லைன், வாட்ச்மேன் எல்லாம் உண்டு. கார் அங்கே நின்றால் சார்ஜ் பிரச்சினையே இல்லை. கடைப் பையன்களில் ஒருவன் காலையில் சந்து முனைக்குக் கொண்டுவந்து விடுவான். இவருக்கு ஞாபகம் வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தப் போவதில்லை. சார்ஜ் போட இடமில்லை என்கிறவரைக்கும் காரும் வராது, ஃப்ளாட்டும் வராது.

9 அக்டோபர், வியாழன்

என் தம்பி ஆசாத் வந்தான். டீசல் வண்டிக்காரன். "மச்சான், வையம்பட்டி தாண்டி அது நின்னுபோச்சுன்னா நீங்க தள்ளுவீங்களா, அக்கா தள்ளுமா?" என்று கேட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன்.

இவர் சிரிக்கவில்லை. எழுந்திருக்கும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நீங்க எல்லாம் சிரிங்க" என்று சொல்லிவிட்டு அஸர் தொழுகைக்குப் போய்விட்டார். பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது.

11 அக்டோபர், சனி

எப்படி எழுதுவது?

மஜீதா கறிவேப்பிலை கேட்டு வந்தாள். பேச்சுவாக்கில் சொன்னாள். "எங்க வீட்டுக்காரருக்கு முதுகு பரவால்லக்கா. ஆனா பள்ளியில இன்னும் சேர்லதான் உக்காந்து தொழுவுறாரு. துணைக்கு அண்ணன் பக்கத்து சேர்ல இருக்காங்கள்ல. ரெண்டு பேரும் சேர் பார்ட்னருன்னு சொல்லிச் சிரிப்பாரு."

எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் தெரிந்த மாதிரி, "ஆமா, ஆமா" என்றேன். கறிவேப்பிலையைக் கொத்தோடு கொடுத்துவிட்டேன்.

வரிசை ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழுகிறாராம். தரையில் நெற்றி வைத்து சஜ்தா செய்ய முடியாதவர்கள் உட்காருகிற இடம். பெண்கள் போகாத இடம் என்பதால் நான் பார்க்க மாட்டேன். அதற்குத்தான் ஐந்து வேளையும் பள்ளிவாசல். வீட்டில் பாயை விரித்தால் குனிய முடியாதது எனக்குத் தெரிந்துவிடும். அதற்குத்தான் ஹாலில் படுக்கை. மாடிப்படி ஏற முடியவில்லை. அதற்குத்தான் அந்த உயரமான சீட்டு. குனியவும் வேண்டாம், எம்பவும் வேண்டாம், நின்ற வாக்கில் நகர்ந்து உட்காரலாம். ஷோரூமில் இவர் பார்த்தது அது ஒன்றைத்தான். நான் பெருமைக்காக என்று நினைத்தேன்.

குடோன் இவருக்கு மறந்துபோகுமா? மாதம் பாதி நாள் அங்கேதானே நிற்கிறார். இவரும்தான் அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். சீட்டோடு இவருக்கு லிஃப்ட்டும் வேண்டும். சார்ஜ் போட இடமில்லை என்பது ஃப்ளாட்டுக்கு ஒரு சாக்கு.

பாவி மனுஷா. எங்கிட்ட சொன்னா என்ன? நான் கேலி பண்ணுவேன்னு பயமா? ஆமா, பண்ணியிருப்பேன். அதான சொல்லல. முட்டி தேஞ்சு போன மனுஷன் தீபாவளிக் கூட்டத்துல நாள் பூரா நின்னு யாவாரம் பாக்குறாரு, நான் இங்க உக்காந்து இவரை வச்சு நக்கலா எழுதிக்கிட்டு இருக்கேன்.

12 அக்டோபர், ஞாயிறு

நேராகக் கேட்டால் சத்தியமாக இல்லை என்பார். டாக்டர் என்றால் தீபாவளி முடியட்டும் என்பார். முப்பத்தைந்து வருஷப் பழக்கம், எனக்குத் தெரியாதா.

வேறு வழி பார்க்க வேண்டும்.

13 அக்டோபர், திங்கள்

காலையில் படியில் இறங்கும்போது பாதியில் நின்று, "யா அல்லாஹ்" என்றேன்.

"என்னாச்சு?"

"முட்டி. கொஞ்ச நாளாவே இருக்கு. உங்ககிட்ட சொல்லல."

என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, பாருங்கள். மனைவிக்கு முட்டி வலி என்றால் இவ்வளவு சந்தோஷப்படுகிற புருஷனை நான் கண்டதில்லை. "வயசாகுதுல்ல. நான் சொன்னா கேக்க மாட்டே" என்று உபதேசம் வேறு.

"எனக்கு அந்த உசரமான வண்டிதான் சரிப்படும் போல. சின்ன வண்டியில இறங்க முடியல. குடோன்லயே சார்ஜ் போட்டுக்கலாம்ல?"

"அட, ஆமால்ல, குடோன்" என்றார், இப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி. நடிப்பு போதாது. நான் இவரைவிட நன்றாகச் செய்தேன்.

"படுக்கையக் கீழ போட்டுருவோம். கீழ பாத்ரூம்ல வெஸ்டர்ன் மாத்திட்டா எனக்கு வசதியா இருக்கும். ஃப்ளாட் எல்லாம் எதுக்கு?"

நெடுநேரம் யோசிப்பதுபோல் நின்றார். "உனக்காகன்னா சரி" என்றார். உனக்காக! கேட்டுக்கொண்டேன்.

19 அக்டோபர், ஞாயிறு

ஊருக்கே சொல்லிவிட்டார். கலீம் துபாயிலிருந்து அழாத குறை. வையம்பட்டி அக்கா ஒரு டப்பா தைலம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆசாத் என்னைக் கைப்பிடித்து ஆட்டோவில் ஏற்றினான், பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். வகுப்புப் பெண்கள் எனக்கு ஸ்டூல் போடுகிறார்கள். இவர் கடைக்குப் போன பிறகுதான் மாடிப்படியில் என் இஷ்டத்துக்கு ஓடுகிறேன். நல்ல முட்டியை வைத்துக்கொண்டு நொண்டுவது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை.

கூடவே என்னைக் காட்டுகிற சாக்கில் எலும்பு டாக்டரிடம் இவரையும் அழைத்துப் போக வேண்டும். தீபாவளி முடியட்டும்.

2 நவம்பர், ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. வெள்ளை நிறம். ஆஸ்பத்திரி வண்டி மாதிரி இருக்கிறது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் வரைக்கும் போய் வந்தோம். ஏசி போடச் சொன்னேன், பேட்டரி இறங்கும் என்றார். மைதிலி மாமி சொன்னது சொன்னபடி.

இறங்கும்போது எதையும் பிடிக்காமல் இறங்கினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எனக்குக் கதவைத் திறந்துவிட்டு, கை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

14 நவம்பர், வெள்ளி

கைப்பிடி இல்லாத, முதுகு நேரான மர நாற்காலி ஒன்று வாங்கி ஹாலில் தொழுகிற திசையில், கிப்லா பக்கமாகப் போட்டேன். "எனக்குத்தான். தரையில உக்காந்து தொழ முடியல" என்றேன். இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

சாயங்கால மஃரிப் பாங்கு சொன்னது. தொப்பியை எடுத்தார். வாசல்வரை போனார். திரும்பி வந்து நாற்காலியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "இது உசரம் சரியா இருக்கான்னு பாக்குறேன்" என்றார்.

மஃரிப் தொழுது முடிகிற வரைக்கும் பார்த்தார்.

நான் பின்னால் என் பாயை விரித்து என் தொழுகையைத் தொழுதேன். பழக்க தோஷம், முட்டி வலி சுத்தமாக மறந்துபோய் சஜ்தாவுக்குக் குனிந்து, வழக்கம்போல் சடாரென்று எழுந்தேன். எழுந்த பிறகுதான் உறைத்தது. இவர் எனக்கு முன்பே முடித்துத் திரும்பியிருந்தார், நான் சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முட்டி வலிக்கலியா?"

"இன்னைக்குப் பரவால்ல" என்றேன்.

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும்" என்றார்.