காட்டெருமை நோட்டு

சன்னிவேல்
கலிஃபோர்னியா
மார்ச் 3, 1996

அன்புள்ள கந்தசாமி,

நாங்கள் நலம். நீயும் சாந்தாமணியும் நலமா?

டேய், காட்டெருமை கிடைத்துவிட்டது! சான் ஹோசே கண்காட்சியில் வாங்கினேன். 1901-ஆம் வருடத்துப் பத்து டாலர் நோட்டு. நடுவில் காட்டெருமை, இரு பக்கமும் மேற்கே வழி கண்ட லூயிஸும் கிளார்க்கும், சிவப்பு முத்திரை. ஹாஸ்டலில் என்னோடு தபால்தலை சேர்த்தவன் நீ. அதனால் முதல் ஃபோட்டோ உனக்குத்தான்.

"இதுக்கு ஒரு சோஃபா வாங்கியிருக்கலாம்" என்கிறாள் கலாவதி. க்ரீன் கார்டு வரட்டும், வாங்கலாம் என்றிருக்கிறேன்.

உன்
பசுபதி

ஐசலின்
நியூ ஜெர்ஸி
மார்ச் 10

அன்புள்ள பசுபதி,

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நம் நோட்டு சேகரிப்போர் சங்கத்து இதழில், திருட்டுப்போன நோட்டுகள் பக்கத்தில் உன் நோட்டின் எண் இருக்கிறது. டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில், மில்லர் என்கிற ரிட்டயர்டு வாத்தியாருடையது. அவர் அப்பா கொடுத்ததாம். யாரிடம் வாங்கினாய்? ரசீது இருக்கிறதா? அவர் ஃபோன் நம்பர் இத்துடன் இருக்கிறது. நீயே கூப்பிட்டுவிடு.

உன்
கந்தசாமி

சன்னிவேல்
மார்ச் 15

கந்தசாமி,

ரசீது இல்லை. விற்ற ஆளின் பெயர்கூடத் தெரியாது. திருட்டுப் பொருள் வைத்திருந்தேன் என்று போலீஸ் கேஸ் வந்தால் க்ரீன் கார்டு என்ன ஆகும்? வக்கீலிடம் கேட்கவே பயமாக இருக்கிறது. "எரிச்சுத் தொலைங்க" என்று கலாவதி அடுப்பையே பற்றவைத்துவிட்டாள். நோட்டை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

நானே ஒரு வழி பண்ணுகிறேன். அதுவரை யாரிடமும் சொல்லாதே.

பசுபதி

ஐசலின்
மார்ச் 20

அன்புள்ள பசுபதி,

சத்தியமாக யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் சீக்கிரம் முடி. உன் ஃபோட்டோவை சங்கத்தில் பெருமையாகக் காட்டிவிட்டேன். யாராவது எண்ணைக் கவனித்தால் என்னையும் கேட்பார்கள். எனக்கும் உதறலாக இருக்கிறது.

உன்
கந்தசாமி

சன்னிவேல்
ஏப்ரல் 2

கந்தசாமிக்கு,

டெக்சாஸ் போய் நோட்டை மில்லரிடம் நேரில் கொடுத்துவிட்டேன்.

பெயர் சொல்லாமல் ஃபோன் பண்ணி, சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். கதவைத் திறந்ததுமே, "மிஸ்டர் பசுபதியா?" என்றார். உள்ளே ஒரு போலீஸ்காரர். அரை நாள் கேள்விமேல் கேள்வி. கடைசியில் மில்லர்தான், "இவர் தானாக வந்திருக்கிறார், எனக்குப் புகார் இல்லை" என்றார். நோட்டை வாங்கி, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

கேஸ் இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார். என் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனார். அது எங்கே போய் நிற்குமோ தெரியாது.

கார்வரை வந்து வழியனுப்பிய மில்லர், "நியூ ஜெர்ஸியிலிருந்து கூப்பிட்ட உங்கள் நண்பருக்கும் நன்றி சொல்லுங்கள்" என்றார். சொல்லிவிட்டேன்.

நீ அவரைக் கூப்பிட்டது கலாவதிக்குத் தெரியாது. அவள் சாந்தாமணிக்கு எப்போதும்போல எழுதுவாள். நான் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
ச. பசுபதி