நன்றியுரைப் பக்கம்

5.4.2006, புதன்
ஹர்ஷிதாவின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இன்று கையெழுத்துப் போட்டேன். நன்றியுரையில் என் பெயர்! "தாயின் பொறுமையோடு வழிநடத்திய பாமா மேடம்" என்று அழகான ஆங்கிலத்தில் அரைப் பக்கம். கரூரை விட்டு உப்பலில் இந்தக் கல்லூரிக்குப் பாடம் நடத்த வந்து இரண்டு வருஷத்தில் யாரும் எனக்கு இப்படி எழுதியதில்லை. மற்ற பக்கங்களைப் புரட்டினேனே தவிரப் படிக்கவில்லை. கரூருக்குப் போன் போட்டு அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். இரண்டு தடவை.

9.4.2006, ஞாயிறு
மாரெட்பள்ளியில் நான் தங்கியிருக்கும் அறையில் காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றியுரையை மறுபடி படித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

10.4.2006
துறை அலமாரியில் போன வருஷத்து ரிப்போர்ட் ஒன்று. திறந்தால் — அதே அரைப் பக்கம். என் பெயர் இருந்த இடத்தில் ராஜகோபால் சார். தாயின் பொறுமையாம்! மாணவர்கள்மேல் சாக்பீஸை விட்டெறிகிற மனுஷர். சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் அத்தியாயமும் வரிக்கு வரி அதேதான். எங்கிருந்து எடுத்தது என்று ஒரு குறிப்பும் இல்லை. அதற்குத்தான் என் கையெழுத்து.

புகழ்ச்சியில் மயங்கிப் படிக்காமல் விட்டவள் நான். அவளை மட்டும் என்ன சொல்வது?

12.4.2006
ஹர்ஷிதாவைக் கூப்பிட்டேன். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண்; 'ஏன்' என்பதற்கு 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்று இந்த ஊர் உருது கலந்துதான் பேசுவாள்.

"கைக்கு மேடம் இவ்ளோ டென்ஷன்? தேங்க்ஸ் பேஜ் எல்லாரும் சீனியர்ஸோடதைத்தான் போடறாங்க. அதை யாரு படிக்கிறா?"

"நான் படிச்சேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கையெழுத்தைத் திரும்பப் பெறப் போகிறேன் என்றதும் அழுதாள். "நக்கோ மேடம், கேம்பஸ்ல கெடச்ச வேலை போயிடும்." என் எலுமிச்சை சாதத்தில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். இரண்டு பேருமே சாப்பிட்டிருக்கவில்லை.

13.4.2006
படிக்காமல் கையெழுத்துப் போட்டதைத் துறைத் தலைவரிடம் நானே சொன்னேன். எனக்கு மெமோ. திருத்தி எழுத அவளுக்குப் பத்து நாள்.

14.4.2006, வெள்ளி
நம் வருஷப் பிறப்பு. இந்தத் தெலுங்கு ஊருக்கு உகாதி போன மாதமே முடிந்துவிட்டது. அம்மா இரண்டு முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. என்னத்தைச் சொல்ல?

24.4.2006, திங்கள்
புது ரிப்போர்ட் வந்தது. மூன்றாம் அத்தியாயம் பாதியாகச் சுருங்கிவிட்டது, ஆங்கிலமும் நொண்டுகிறது. ஆனால் அவளே எழுதியது. எடுத்த இடங்களுக்கெல்லாம் எண் போட்டு, கடைசியில் பத்தொன்பது ஆதாரங்கள். அந்தச் சீனியரின் ரிப்போர்ட்டும் அதில் ஒன்று.

நன்றியுரை இரண்டே வரி. "பாமா மேடம் என்மேல் கோபமாக இருந்தார். அன்று தன் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தந்தார்."

கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டு அந்த இரண்டு வரியையும் சொன்னேன்.

"போன தடவ இன்னும் நீளமா இருந்துச்சே கண்ணு?"

"அது யாருக்கோ எழுதுனதும்மா. இது எனக்கு."